குடோன் என்னும் சொல்

விழுப்புரத்துக் கடைத்தெருவில் நெல் மூட்டைகளும் மணிலாக்கொட்டை மூட்டைகளும் அடுக்கி வைக்கப்படும் இடத்தைக் ‘குடோன்’ என்கிறோம். (மணிலாக்கொட்டையை இப்பகுதி மக்கள் ‘மல்லாட்டை’ என்பர். கடல்கடந்த ஊர் ஒன்றின் பெயர் நம் நாவில் தேய்ந்த வடிவம் அது.) குடோன் என்பது ஆங்கிலச் சொல் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அஃது ஆங்கில நூல்களில் ஏறிவிட்டது. ஆயினும் இங்கிலாந்தில் பிறந்ததன்று.

நிலவறைக்குள் ‘கீழே இறங்கிச்’ செல்வதால் ஆங்கிலத்தில் அப்பெயர் அமைந்தது என ஒரு விளக்கம் கூறுவர். ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பிக் கட்டிய கதை அது. கீழ்த்திசைத் துறைமுகங்களில் மலாய் வணிகர் பண்டசாலையைக் ‘குடங்’ என்றனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் அதனைத் தம் ஒலிக்கேற்பத் திரித்து வழங்கினர். ஆங்கிலேயர் அதனை ஏற்றுக்கொண்டனர்.

மலாய் மொழிக்கு அச்சொல் எங்கிருந்து சென்றது? 1886இல் ஆங்கில–இந்தியச் சொற்களுக்கு அகராதி வெளியிட்ட யூல், பர்னல் என்னும் இருவரும் தெலுங்கின் ‘கிட்டங்கி’யையும் தமிழின் ‘கிடங்கை’யும் சுட்டினர். சரக்குக் கிடக்கும் இடம் கிடங்கு. ‘கிட’ என்பதே வேர். மலாக்காவில் தமிழ் வணிகர் பெருந்தொகையினராய் வாழ்ந்தமையை நோக்க, இக்கருத்து எனக்கும் பொருத்தமாகவே படுகின்றது. தெலுங்கு வழியாகவா, தமிழ் வழியாகவா என்பதில் வழக்காடுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டும் ஒருதாய் மக்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். விழுப்புரத்திற்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தின் ஒரு பகுதி, கிடங்கல். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் தலைநகராகிய கிடங்கில் இதுவே. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை அவனைப் பாடியது. “அவ்வாறாயின் குடோனுக்குத் தாயகம் எங்கள் திண்டிவனமே!” என்று மாணவர் ஆர்ப்பரிக்கக் கண்டிருக்கிறேன். ஊர்ப்பற்று நன்று, சான்று அதனினும் நன்று. பழந்தமிழில் கிடங்கு என்பதற்கு அகழி என்றே பொருள். கோட்டையைச் சூழ்ந்து நீர் கிடந்த பள்ளம் அது. சரக்கறை என்னும் பொருள் பிற்காலத்தது. வேர் ஒன்றே, அன்று கிடந்தது நீர், பின்னர்க் கிடந்தது சரக்கு. நல்லியக்கோடன் ஊர்ப்பெயரில் நிற்பது அகழியே. கப்பலேறி மலாக்கா சென்றது பண்டசாலை.