ஒரே நோயாளிக்கு ஒரு மருந்து: மிலாசெனின் முன்வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் மருந்துத் தொழில் நோயாளிகளின் தொகையை நம்பி வளர்ந்தது. அரிய நோய்களுக்கென 1983-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும், பின்வந்த திருத்தத்தின்படி, அந்நாட்டில் 2,00,000 பேருக்குக் குறைவானோரைத் தாக்கும் நோய்களுக்கு மருந்து செய்வோருக்குச் சலுகை வழங்கியதேயன்றி, ஒரே ஒருவருக்காக மருந்து உருவாகும் நாளை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நாள் 2018 ஜனவரியில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வந்தது.

அங்குச் சிகிச்சை பெற்ற சிறுமிக்கு இருந்தது, நரம்பணுக்களில் கழிவு தேங்கிப் பார்வையும் பேச்சும் நடையும் படிப்படியாக அற்றுப்போகும் பேட்டன் நோயின் ஒரு வகை. தாய் வழி, தந்தை வழி என வரும் இரு மரபணுப் படிகளும் பழுதுபட்டிருந்தால்தான் இந்நோய் தோன்றும். வழக்கமான பரிசோதனையிலோ ஒரு பழுதே தென்பட்டது. மருத்துவர் டிமோத்தி யூவின் குழுவினர் முழு மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தபோது, எம்எஃப்எஸ்டி8 மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு ஏதுமில்லாத இடைப்பகுதி ஒன்றில், இடம்பெயரும் இயல்புடைய டிஎன்ஏ துண்டொன்று செருகிக்கொண்டிருந்தது புலனாயிற்று. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவை செல் வெட்டி ஒட்டும் இடத்தை அத்துண்டு பிறழச் செய்ததால், புரதம் முழுமை பெறவில்லை. பிறழ்ந்த இடத்தில் பொருந்தி அதை மறைக்குமாறு 22 நியூக்ளியோடைடுகள் கொண்ட செயற்கை இழை வடிவமைக்கப்பட்டு, சிறுமியின் பெயரையொட்டி மிலாசென் எனப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியுடன் அது தண்டுவடத் திரவத்தில் செலுத்தப்பட்டது.

பழுதைக் கண்ட ஓராண்டுக்குள் மருந்து கைக்கு வந்ததை விந்தையாகப் பேசுவோர், அதன் பின்னிருந்த நாற்பது ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். ஆர்என்ஏவோடு ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் இத்தகைய ‘ஆன்டிசென்ஸ்’ இழையால் கோழிக்கரு செல்களில் வைரஸ் பெருகுவதைக் குறைக்கலாம் என்று பால் சமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்சனும் 1978-இலேயே காட்டியிருந்தனர். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016 டிசம்பரில் அனுமதி பெற்ற நுசினெர்சென்னின் வேதியியல் கட்டமைப்பையே மிலாசெனும் கொண்டிருந்தது. எழுத்து வரிசை மட்டுமே புதிது.

வலிப்புகளின் எண்ணிக்கையும் நீளமும் குறைந்ததாக 2019-இல் அறிக்கை வெளியாயிற்று. எனினும் நோய் முன்னரே முற்றியிருந்தது, 2021-இல் சிறுமி இறந்தாள். ஒப்பிட வேறு நோயாளி இல்லாத நிலையில் மருந்தின் பங்கை அளப்பது அரிது.

2025-இல் பிலடெல்பியாவில், சிபிஎஸ்1 குறைபாட்டோடு பிறந்து இரத்தத்தில் அம்மோனியா சேர்ந்த ஒரு குழந்தைக்கு, மரபணுவின் ஓர் எழுத்தையே திருத்தும் மருந்து ஆறே மாதங்களில் செய்து அளிக்கப்பட்டது. அதே நோயுள்ள வேறொரு குழந்தைக்குப் பழுது வேறிடத்தில் இருப்பின், அம்மருந்தை அப்படியே எடுத்து வழங்க இயலாது.