தண்ணீரில் விழுந்தவர்கள்: அமெரிக்க நாவலில் செல்வமும் தற்செயலும்

செல்வத்துக்கும் வெற்றிக்குமான போராட்டத்தை அமெரிக்க நாவல் எழுதிவந்த வரலாற்றை, உழைப்பின் மீதான நம்பிக்கையில் தொடங்கி அந்த நம்பிக்கையின் சிதைவில் முடிந்த கதையாகவே பெரும்பாலும் சொல்லிவருகிறோம். ஒரு முனையில் ஹொரேஷியோ ஆல்ஜர், மறுமுனையில் தியோடர் டிரைசர். இந்தப் பார்வை பாதிதான் சரி. உழைப்பு மட்டுமே ஒருவனை உயர்த்திவிடாது என்பது ஆல்ஜரின் பக்கங்களிலேயே தெரிகிறது. உழைப்புக்கும் செல்வத்துக்கும் நடுவே ஒரு தற்செயல் நிகழ்ச்சி தேவைப்படுகிறது. அடுத்த அறுபது ஆண்டுகளில் மாறியது அந்தத் தற்செயலின் குணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1868இல் நூலாக வந்த ஆல்ஜரின் ‘ராகெட் டிக்’ நாவலின் நாயகன் நியூயார்க் தெருக்களில் ஷூ பாலிஷ் போடும் அநாதைச் சிறுவன். எழுதப் படிக்கக் கற்கிறான், வங்கியில் கணக்குத் தொடங்கிச் சேமிக்கிறான், திருட மறுக்கிறான். ஆனால் அவன் தேடும் எழுத்தர் வேலை இவற்றால் கிடைப்பதில்லை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், புரூக்ளின் செல்லும் படகிலிருந்து ஒரு குழந்தை தண்ணீரில் தவறி விழுகிறது. டிக் குதித்துக் காப்பாற்றுகிறான். குழந்தையின் தந்தை ராக்வெல் ஒரு வணிகர். வாரம் 10 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்துவிடுகிறது. துணிச்சலும் நீச்சலும் இருந்ததால்தானே வாய்ப்பு பயன்பட்டது, அதுவும் ஒழுக்கத்தின் பலன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தந்தை பணக்காரராக இல்லாதிருந்தால் அதே துணிச்சலுக்கு நன்றி கிடைத்திருக்கும், வேலை கிடைத்திருக்காது.

இதற்கு எதிர்ச்சான்றாக வில்லியம் டீன் ஹோவெல்ஸின் ‘சைலஸ் லாஃபமின் எழுச்சி’யை (1885) முன்வைப்பார்கள். அங்கே நாயகன் ஏமாற்றிப் பிழைக்க மறுத்துப் பெயிண்ட் தொழிலை இழக்கிறான். எழுச்சி மனசாட்சியில் நடக்கிறது. ஆனால் அந்தச் செல்வம் வந்த வழியைப் பாருங்கள். வெர்மான்ட் பண்ணையில் காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் குழியில் லாஃபமின் தந்தை கண்டெடுத்த கனிமம்தான் அதன் மூலதனம். ஆக, ஹோவெல்ஸிடம் ஒழுக்கம் செல்வத்தை இழக்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. செல்வம் வந்த விதத்தை அது தீர்மானிக்கவில்லை. ஏப்ரஹாம் கஹானின் ‘டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி’ (1917) இன்னும் வெளிப்படை. நான்கு சென்ட் காசுடன் நியூயார்க்கில் இறங்கிய யூத இளைஞன் ஆயத்த ஆடைத் தொழிலில் கோடீஸ்வரனாகிறான். அவனை அந்தத் திசையில் தள்ளியது, பட்டுக் கோட்டுகளின் மீது கைதவறிக் கொட்டிய ஒரு புட்டிப் பாலும் அதற்காக முதலாளியிடம் பட்ட அவமானமும்தான்.

டிரைசர்தான் இந்தத் தற்செயலைத் தலைகீழாகப் புரட்டினார். ‘சிஸ்டர் கேரி’யில் (1900) மதுவிடுதி மேலாளர் ஹர்ஸ்ட்வுட் முதலாளியின் பணத்தைக் கையில் வைத்துத் தயங்கும் நொடியில் பெட்டகம் தானே பூட்டிக்கொள்கிறது. அவன் திருடனாகிறான், கடைசியில் நியூயார்க்கில் பிச்சைக்காரனாகச் சாகிறான். ‘ஓர் அமெரிக்கத் துயரம்’ (1925) நாவலில் வரும் கிளைட் கிரிஃபித்ஸுக்கு ஆல்ஜர் நாயகனின் வாய்ப்பே அமைகிறது: சிகாகோ கிளப் ஒன்றில் ஏவலாளாக இருக்கையில் பணக்காரப் பெரியப்பாவைத் தற்செயலாகச் சந்திக்கிறான், அவருடைய காலர் தொழிற்சாலையில் வேலையும் பெறுகிறான். பிறகு செல்வர் வீட்டுப் பெண்ணின் மீது ஆசை வளர, தன்னால் கருவுற்ற தொழிலாளி ராபர்ட்டாவை ஏரிக்கு அழைத்துச் செல்கிறான். படகு கவிழ்கிறது, அவளைக் காப்பாற்றாமல் நீந்திக் கரையேறுகிறான். டிக்கை உயர்த்திய அதே நிகழ்ச்சி இங்கே ஒருவனை மின்சார நாற்காலிக்கு அனுப்புகிறது. 1906இல் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து எடுத்த கதைதானே, இதில் ஆல்ஜரின் நிழல் எங்கே வந்தது என்று மறுக்கலாம். ஏரி செய்தித்தாளிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்னது டென்னிஸ் மட்டையால் அடித்த திட்டமிட்ட கொலை. டிரைசர் அதைக் கேமரா தவறிப் பட்ட, நோக்கமில்லாத அடியாக மாற்றினார். தற்செயலை அவர் தாமே கதைக்குள் கொண்டுவந்தார். இந்த மாற்றமே என் வாதத்துக்கு வலுவான சான்று.

அதே 1925இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் கேட்ஸ்பியும் ஒரு படகை எச்சரித்தே வாழ்வைத் தொடங்குகிறான். சுப்பீரியர் ஏரியில் டான் கோடியின் உல்லாசப் படகுக்கு ஆபத்தை உணர்த்தி அவருடைய அன்பைப் பெறுகிறான். அவர் எழுதிவைத்த 25,000 டாலர் அவன் கைக்கு வராமல் போக, சட்டவிரோத மது வணிகம் மிஞ்சுகிறது. ஈடித் வார்ட்டனின் ‘களியாட்ட மாளிகை’யில் (1905) லிலி பார்ட்டுக்கு இந்த வாசலும் கிடையாது. அவளை உயர்த்த முன்வரும் ஆண் அதற்கான கைம்மாறையும் சேர்த்தே எதிர்பார்க்கிறான்.

ஆண்ட்ரூ கார்னகி பஞ்சாலைச் சிறுவனாகத் தொடங்கி எஃகு அதிபரானது நடந்த கதைதானே என்பது கடைசி ஆட்சேபம். நடந்ததுதான். அவருடைய முதல் முதலீட்டுக்கு வழிகாட்டியவர் ரயில்வே மேலதிகாரி தாமஸ் ஸ்காட் என்பதும் நடந்ததுதான். அவரைப் போலவே நூல்கண்டு சுமந்த மற்றச் சிறுவர்களுக்கு ஒரு ஸ்காட் வாய்க்கவில்லை. சுயசரிதை எழுதும் வாய்ப்பும் அமையவில்லை. அவர்களுடைய வாழ்வைப் பதிவுசெய்தது நாவல்தான். அமெரிக்கச் செல்வத்தின் வரலாற்றுக்கு, வென்றவர்களின் சுயசரிதைகளைவிட நாவலே நம்பத்தக்க சாட்சி.