சொகுசுக் கப்பலில் வேலை: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

"மகனுக்குச் சொகுசுக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, துஆச் செய்யுங்கள்" என்று பெற்றோர் நம்மிடம் வருகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால், "ஹோட்டல் லைன்தான்" என்பதற்கு மேல் பலருக்கும் பதில் தெரிவதில்லை. ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் உடனே வருகிறது. அதற்குள் தாயின் நகை அடகுக்குப் போயிருக்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என நம் கடலோர ஊர்களின் முன்னோர் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். கடல் நமக்கு அந்நியமில்லை. ஆனால் போகும் வழி சட்டப்படியானதா, செய்யப்போகும் வேலை ஹலாலானதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் கரையில் இருக்கும்போதே விடை தெரிந்திருக்க வேண்டும். கப்பல் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இது எப்படிப்பட்ட வேலை?

இது நிரந்தர வேலை அல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் வரைதான். முடிந்ததும் ஊர் திரும்பி, சில வாரங்கள் கழித்து அடுத்த ஒப்பந்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஹோட்டல் பிரிவில் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குச் சம்பளம் கிடையாது. எனவே மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கடன் வாங்காதீர்கள். எத்தனை மாதம் கப்பலில் இருப்பாரோ அத்தனை மாதத்துக்கு மட்டும் கணக்கிடுங்கள்.

உணவும் தங்குமிடமும் இலவசம். ஆனால் சிறிய அறையை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். வார விடுமுறை பொதுவாக இல்லை. ஒரு நாளில் பத்து மணி நேரமும், ஏழு நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது நாளொன்றுக்குப் பத்து, பதினொரு மணி நேர உழைப்புக்கு உடலும் மனமும் தயாராக இருக்க வேண்டும்.

பணம் எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அதன் தெளிவான விதி. பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தது. பணி முடிந்ததும் ஊருக்கு அனுப்பி வைப்பதும் அவர்கள் பொறுப்பு.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் காத்தல் போன்றவை அதில் அடங்கும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் மட்டும் சேர்ந்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் தருகிற நிலையம், வேலையும் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் கேட்டால் விலகி வாருங்கள்.

கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம், அதே இயக்குநரகத்திடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் அந்த எண்ணும் பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். "சுற்றுலா விசாவில் துபாய் போய் அங்கிருந்து கப்பல் ஏறலாம்" என்றோ, "தனிநபர் கணக்கில் பணம் போடுங்கள்" என்றோ சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். சொல்பவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. மார்க்கப் பற்றுள்ளவர் போலத் தெரிவது உரிமத்துக்கு ஈடாகாது.

எந்தப் பதவி?

வருமானத்தின் பரக்கத் இதில்தான் இருக்கிறது. மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். குடிப்பவர் மட்டுமல்ல, ஊற்றிக் கொடுப்பவரும் சுமந்து செல்பவரும் அவர்களில் அடங்குவர். எனவே பார், சூதாட்டக்கூடம் ஆகியவற்றில் வேலை நமக்கு இல்லை. உணவகப் பரிமாறுபவர் பதவியில் மதுக்கோப்பையையும் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். சமையலறையில் பன்றி இறைச்சியைத் தொட நேரலாம். அறைப் பணியாளர்கூடச் சில கப்பல்களில் அறைக் குளிர்பெட்டியில் மதுப்புட்டிகளை நிரப்ப வேண்டியிருக்கும்.

சலவை, மின்பணி, இயந்திரப் பிரிவு, தளப் பிரிவு, மருத்துவம், கணினி, குழந்தைகள் பராமரிப்பு போன்றவை அடிப்படையில் ஆகுமான தொழில்கள். மது ஓடும் கப்பலில் இவற்றைச் செய்யலாமா என்பதில் பேணுதலைக் கருதித் தயங்கும் ஆலிம்களும் உண்டு. பணி விவரத்தைக் காட்டி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் நியமனக் கடிதத்தில் எந்தப் பதவி எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். "கப்பலில் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நடுக்கடலில் மறுத்தால் வேலை போகும்; வாங்கிய கடன் மட்டும் வீட்டில் காத்திருக்கும். வெட்கப்பட்டு இணங்கிப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த நெருக்கடியில் அவனைத் தள்ளியது பெரும்பாலும் நாம் வாங்கிய கடன்தான்.

தொழுகையும் நோன்பும்

கப்பலில் தொழுகை கடமையாகவே இருக்கிறது. நிற்க முடிந்தால் நின்று, தலைசுற்றலால் முடியாவிட்டால் உட்கார்ந்து தொழ வேண்டும். கிப்லாவைத் திசைகாட்டியால் அறிந்துகொள்ளலாம். பயணிக்குக் கஸ்ருச் செய்யும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை. ளுஹர் தொழுதுகொள்ள வேண்டும். ரமளான் நோன்பை விட நேர்ந்தால் பிறகு களாச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் கப்பலிலேயே வாழ்பவருக்கு இச்சலுகைகள் எந்த அளவுக்கு என்பதையும் புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. பாவத்தை நோக்கமாகக் கொண்ட பயணத்துக்கு இச்சலுகைகள் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வேலையின் தன்மை தொழுகை வரை தொடர்ந்து வருகிறது என்பதைப் பாருங்கள்.

பெற்றோருக்கு

பையன் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வாங்கி, பதவி, சம்பளம், காலம், கப்பலின் பெயர், ஆள் எடுக்கும் நிறுவனத்தின் உரிம எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று விடுபட்டாலும் பொறுத்திருங்கள். பாஸ்போர்ட், ஒப்பந்தம், மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் சம்பளம் நின்றாலோ விபத்து நேர்ந்தாலோ முறையிட அவைதான் கைகொடுக்கும்.

ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருவது. அது வந்து சேரும் வழியைச் சுத்தமாக வைத்திருப்பது நம் கடமை. துஆக் கேட்டு வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டு, இன்ஷா அல்லாஹ், மனநிறைவோடு துஆச் செய்வோம்.