ஒரு வீரர், இரு பெயர்கள்

கரீம், அப்துல் ஜப்பார் என்னும் பெயர்கள் நமக்குப் புதியன அல்ல. பஞ்சாலைகள் நிறைந்த இராஜபாளையத்திலும், ஆண்டாள் கோயில் கோபுரம் ஓங்கி நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மவர் இல்லங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வருவன அவை. இவ்விரண்டையும் சேர்த்துத் தம் பெயராகக் கொண்ட அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஒருவர் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே கிடைத்துவிடும் அப்பெயரை, அவர் இருபத்தொன்றாம் வயதில் தேடிப் பெற்றார். அந்தத் தேட்டத்தின் வரலாறு அவருடைய கல்லூரிப் பருவத்திலே அடங்கியிருக்கிறது.

அந்த ஆட்டம் நமக்கு வந்த வழியையும் ஒரு சொல் கூறிவிடலாம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து இதனைத் தொடங்கி வைத்தார். அதே கல்விக்கூடத்தில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். இன்று நம் ஊர்ப் பள்ளித் திடல்களில் மாணவர்கள் வளையத்தை நோக்கிப் பந்தெறிவதற்குப் பின்னால் இத்துணை நெடிய வழி இருக்கிறது.

நிற்க. நாம் கூற வந்த வீரர் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். கத்தோலிக்கப் பெற்றோர் இட்ட பெயர் ஃபெர்டினாண்ட் லூயிஸ் ஆல்சிண்டர். உலகம் ‘லூ’ என்று சுருக்கி அழைத்தது. வளர்ந்தபோது உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் தலைமை அணியில் ஆடலாகாது என்பது அக்கால விதி. ஆகவே அவர் முதலாண்டு அணியில் ஆடினார். அந்த அணியோ, முந்தைய ஆண்டில் நாட்டின் வாகையைச் சூடியிருந்த தன் பல்கலைக்கழகத் தலைமை அணியையே 75க்கு 60 என்று வீழ்த்தியது!

பின்வந்த மூன்று பருவங்களில், பயிற்றுநர் ஜான் வுடனின்கீழ் அவருடைய அணி 88 ஆட்டங்களில் வென்றது, தோற்றவை இரண்டே. 1967, 1968, 1969 ஆகிய மூன்றாண்டும் தேசிய வாகை அவ்வணிக்கே கிடைத்தது. மூன்று முறையும் இறுதிச் சுற்றின் தலைசிறந்த வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவரே. தோல்வி இரண்டில் ஒன்று பெரும்புகழ் பெற்றது. 1968 ஜனவரி 20ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த அரங்கில், ஒரு வாரம் முன்பு கண்ணில் பட்ட காயத்தோடு அவர் ஆடினார். அணி 71க்கு 69 என்று தோற்றது. தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்று வந்த வரிசை அன்று அறுந்தது. எனினும் இரண்டே மாதங்களில் அதே ஹூஸ்டன் அணியை 101க்கு 69 என்று வென்று கணக்கைத் தீர்த்தனர்.

1967ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிந்ததும், வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே அழுத்தும் முறையைக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். வீரர்க்குக் காயம் நேராதிருக்க என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் இவரை மனத்தில் கொண்டே அவ்விதி வந்தது என்று பலரும் கருதினர். நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. 1976 வரை அத்தடை நீடித்தது. அவர் முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறு வயதிலேயே பழகியிருந்த, ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தை எறியும் ‘ஸ்கை ஹுக்’ வீச்சைத் தீட்டிக் கூர்மையாக்கினார். தடுக்க முற்பட்டோர் கைக்கு அது எட்டவேயில்லை.

திடலுக்கு வெளியே அவர் வரலாற்று மாணவர். முதலாண்டில் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றைப் படித்தார். அது அவரை உலுக்கிற்று. தம் குடும்பப் பெயரை ஆராய்ந்தபோது, டிரினிடாடில் தம் முன்னோரை அடிமைகளாய் வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயரே அது என்று அறிந்தார். விலைக்கு வாங்கியவன் பெயரைச் சுமந்து திரிவது எத்தகைய வேதனை! 1968 கோடையில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அவ்வாண்டு ஒலிம்பிக் அணித் தேர்வுக்குச் செல்லாமல், தம் நாட்டில் கறுப்பின மக்கள் படும் துயரைக் காரணம் காட்டி விலகி நின்று, நியூயார்க்கில் ஏழைச் சிறுவர்க்கு ஆட்டம் கற்பித்தார். இதற்காக அவரைத் தேசத்துரோகி என்று ஏசியோரும் உண்டு. பெற்றோருக்கும் மகனுடைய மாற்றம் உவப்பாயில்லை.

கல்லூரியின் கடைசி ஆண்டை முஸ்லிமாக ஆடினார். ஆனால் அறிவிப்பாளர் வாயிலும் பத்திரிகையிலும் பழைய பெயரே ஒலித்தது. 1969இல் வரலாற்றில் பட்டம் பெற்று, மில்வாக்கி அணியில் தொழில்முறை வீரரானார். 1971இல் அவ்வணி வாகை சூடியது. அதே ஆண்டில் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயரைச் சட்டப்படி ஏற்றார். பிறர் சொற்படி நடப்பதோடு அமையாமல், திருக்குர்ஆனைத் தாமே ஓதி உணர விழைந்து அரபு மொழி பயின்றார். 1973இல் அதன்பொருட்டே லிபியாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் சென்றார். அமெரிக்கப் பத்திரிகைகள் சில அவரை ‘ஜப்பார்’ என்று மட்டும் எழுதியதுண்டு. அல்ஜப்பார் அல்லாஹ்வின் திருநாமம். அடியான் எனப் பொருள்படும் ‘அப்த்’ அதனோடு சேர்ந்தே வரவேண்டும் என்பது நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் தெரியும். அவர்களுக்கு யார் சொல்வது?

1989இல் ஓய்வு பெற்றபோது அவர் ஈட்டியிருந்த தொழில்முறைப் புள்ளிகள் 38,387. அந்த உச்சத்தை 2023 பிப்ரவரியில்தான் லெப்ரான் ஜேம்ஸ் கடந்தார்.

கல்லூரிப் பதிவேட்டில் 1967, 1968, 1969 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே இன்றும் லூ ஆல்சிண்டர் என்றே காணப்படுகிறது; தொழில்முறைப் பதிவேட்டிலோ கரீம் அப்துல் ஜப்பார். விவரம் அறியாத ஒருவர் இரண்டையும் புரட்டினால், ஏழடி உயரத்தில் இரண்டு மாவீரர்கள் அந்நாட்டில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள் என்றே எண்ணுவார்.