பாடசாலைக்கு வந்த ஒரு நாவல்

சிம்பாங் அம்பாட் நாற்சந்தியைச் சூழ்ந்த நிலம், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாய் மலாயாவுக்கு வந்த காலத்தில் வியர்வை சிந்திய ஆதிப் பூமிகளுள் ஒன்றாகும். அக்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் என வழங்கிய அப்பகுதியில், ரப்பர் வருவதற்கு வெகு முன்னரே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்த முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணியோ 1938 வரை ஆள் கட்டிக்கொண்டிருந்தான். இச்சரித்திரம் நாவலாகிப் பள்ளிக்கூடம் புகுந்தபோது நேர்ந்ததையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அப்துல்லா ஹுசேன் எழுதிய 'இன்டர்லோக்' என்னும் மலாய் நாவல் 1971-ல் வெளிவந்தது. அடகில் நிலத்தை இழக்கும் மலாய்க் குடியானவன் செமான், சீன வியாபாரி சிங் ஹுவாட், பிழைப்புத் தேடிப் பினாங்கில் கரையிறங்கும் நம் மணியம் ஆகிய மூவர் குடும்பக் கதை அது. வறுமையே அதன் மூலப்பொருள். ஆசிரியர் 1996-ல் தேசிய இலக்கியவாணர் பட்டம் பெற்றவர். 2011-ல் சிலாங்கூர், கோலாலம்பூர் முதலிய இடங்களில் ஐந்தாம் படிவ மாணவர்க்கு அது பாடநூலாயிற்று. உடனே தமிழர் கிளர்ச்சியும் எழுந்தது.

கிளர்ச்சியில் இரண்டு ஆட்சேபங்கள் பிரித்தறியாமல் கலந்துவிட்டன. கப்பலேறியோர் யாவரும் பறையர் என்று நூல் கூறுவது பொய் என்பது ஒன்று. இது நியாயமே. கங்காணி தன் ஊராரையும் உற்றாரையுமே பெரும்பாலும் திரட்டினான். ஆதலால் பல சாதியாரும் வந்தனர். மற்றொன்று, அப்பெயர் நமக்கு அவமானம் என்பது. இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அப்பெயரை இழிசொல்லாக்கியது யார்? ஆங்கில அகராதியும் மலாய்ப் பேச்சும் அதை நம்மிடமிருந்தன்றோ கற்றன! ஆதிதிராவிடருக்குச் சில தோட்டங்களில் தனி லயம் ஒதுக்கியது வெள்ளைத் துரையின் யோசனை மாத்திரமா?

தமிழறியாத உபாத்தியாயர் அச்சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்க, மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து நகைத்தால் தமிழ்ப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்! பெற்றோர் அஞ்சியது வீணன்று. ஆயினும் அவ்வகுப்பிலேயே மெய்யாகவே அச்சமூகத்தில் பிறந்த பிள்ளையும் இருந்திருக்கும். 'எங்களையா அப்படிச் சொன்னீர்கள்?' என்று நம்மவர் மேடைதோறும் குமுறியது அதன் செவியில் எப்படி விழுந்திருக்கும்? இதை நினைத்துப் பேசியவர் மிகச் சிலரே.

அமெரிக்காவில் ஏழைக் குடியானவரைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய நாவலை 1939-ல் கலிபோர்னியாவின் கெர்ன் ஜில்லாவினர் பள்ளிகளிலும் நூல்நிலையங்களிலும் தடுத்தனர். அங்கே அந்நூலின்மேல் சீறியோர் பெரும் பண்ணைக்காரர். தொழிலாளியின் பரிதாபம் வெளியானதே அவர்கள் கோபம். இங்கே சீறியவர்களோ தொழிலாளியின் பேரப்பிள்ளைகள்.

சர்க்கார் முதலில் குழு அமைத்தது. சாதிப் பெயரை நீக்கித் திருத்துவதென 2011 மார்ச்சில் முடிவாயிற்று. அதுவும் போதாதென்று கிளர்ச்சி நீடிக்கவே, ஆண்டு முடியுமுன் நூலே பள்ளியிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. செமானின் அடகுப் பத்திரமும், மணியத்தின் கப்பற் பிரயாணமும், சாதிப் பெயரோடு சேர்ந்தே வகுப்பை விட்டு வெளியேறின.