ப்ராக்டரும் மண்ணுக்குள் இருந்த காற்றும்

ரோடு வேலை நடக்கும் இடத்தில் "ப்ராக்டர் 95 வந்துடுச்சா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். அந்த ப்ராக்டர் ஒரு மனிதர். ரால்ஃப் ப்ராக்டர், லாஸ் ஏஞ்சலஸ் நகரக் குடிநீர்த் துறையின் பொறியாளர்.

1928 மார்ச் 12, நள்ளிரவுக்குச் சில நிமிஷம் முன்னால், அந்தத் துறை கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் கான்கிரீட் அணை உடைந்தது. இறந்தவர்கள் 400க்கும் மேல். அதற்குப் பதிலாக பூக்கே கேன்யனில் கட்ட முடிவானது மண் அணை. சரி, மண் போதுமான அளவு இறுகிடுச்சுன்னு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்து, காலால் மிதித்துச் சொன்னால் இனி ஊர் நம்பாது. எண் வேண்டும்.

மண் என்பது துகள், தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தது. ரோலர் ஏறும்போது வெளியேறுவது முக்கியமாகக் காற்று. காற்று நிறைய தங்கிவிட்டால், பிறகு அணையில் நீர் நிரம்பி அந்த இடைவெளிகளில் புகும்போது மண் இளகும், கரை அமுங்கும்.

காய்ந்த மண் எளிதில் இறுகாது. கொஞ்சம் தண்ணீர் விட்டால் துகள்கள் வழுக்கி நெருங்கும். அதற்கு மேல் விட்டால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை நசுக்க முடியாது. நடுவில் ஒரு ஈரப்பதத்தில் அடர்த்தி உச்சம் தொடும். 1933ல் ஒரு பொறியியல் வார இதழில் நான்கு கட்டுரைகளாக இதை எழுதினார் ப்ராக்டர். பின்னால் தரப்படுத்தப்பட்ட சோதனை இது: சின்ன உருளை அச்சு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி, 5.5 பவுண்டு சுத்தியல், 12 அங்குல உயரம்.

எனக்குப் பிடித்தது அந்த வரைபடத்தில் வரும் இன்னொரு கோடு. காற்றே இல்லையென்றால் அடர்த்தி எவ்வளவு என்று கணக்குப் போட்டு வரைவது. துகளின் ஒப்படர்த்தி 2.65, ஈரம் 15% என்றால் உலர் அடர்த்தி 1.90 கிராம் அளவில் நிற்கும். எவ்வளவு குத்தினாலும் அதைத் தாண்ட முடியாது. தாண்டியதாக ரிப்போர்ட் வந்தால், அளந்ததில் தப்பு. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு செக் கிடைத்தால் கொண்டாட்டம்தான்!

பூக்கே அணை 1934ல் முடிந்தது. ப்ராக்டர் பின்னர் அதே நகரத்தில் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தையும் வடிவமைத்தார். 1963 டிசம்பர் 14 அன்று அது உடைந்தது. அடியில் ஓடிய நிலப்பிளவை ஒட்டித் தரை நகர்ந்து, அடித்தளம் விரிசல் விட்டிருந்தது. காலையிலேயே கசிவைப் பார்த்துக் கீழே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். மாலை மூன்றரைக்கு மேல் கரை போனது. 5 பேர் இறந்தார்கள்.