நன்றாக வாசிக்கும் குழந்தைக்கு இன்னும் ஃபோனிக்ஸ் வேணுமா, ஸ்பெல்லிங் போதுமா?

வடாலா ரோடு ஸ்டேஷன் போர்டைக் கவனியுங்கள். மராத்தியில் 'வடாளா', இந்தியில் 'வடாலா'. எழுத்தைப் பார்த்தாலே உச்சரிப்பு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ மூன்று இடத்திலும் ஒரே 'ஏ'; எது குறில், எது நெடில்? 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலிகள். அதைச் சமாளிக்கத்தான் ஃபோனிக்ஸ்.

சரி, உங்கள் குழந்தை ஏற்கெனவே வாசிக்கிறது. இன்னமும் ஃபோனிக்ஸ் கிளாஸுக்குப் பணம் கட்டணுமா?

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் தந்த அறிக்கைப்படி, ஃபோனிக்ஸின் பலன் கே.ஜி., ஒன்றாம் வகுப்பில்தான் அதிகம். வளர்ந்த குழந்தைகளின் ஸ்பெல்லிங்கை அது பெரிதாக உயர்த்தவில்லை. 2014-ல் கிரஹாம், சான்டாஞ்செலோ இருவரும் 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: ஸ்பெல்லிங்கை முறையாகக் கற்பித்தால் வாசிப்பும் மேம்படுகிறது.

முறையாக என்றால் மனப்பாட டிக்டேஷன் அல்ல. 'சைன்' என்ற சொல்லில் ஒலிக்காத 'ஜி', 'சிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கிறது என்று காரணத்தோடு சொல்லித்தருவது.

மாறும் முன் ஒரு சோதனை: அர்த்தமே இல்லாத ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை எழுதிக் கொடுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகள் 2012 முதல் இப்படித்தான் சோதிக்கின்றன. தடுமாறாமல் வாசித்தால் ஸ்பெல்லிங்குக்கு மாறலாம். திணறினால், தெரிந்த சொற்களைக் குழந்தை படம்போல நினைவில் வைத்து ஒப்பிக்கிறது என்று அர்த்தம். அப்போது ஃபோனிக்ஸை விடாதீர்கள்.